வேலை செய்யல, ப்ரோ!

இந்த வாரம் கெஸ்ட் யாரும் இல்லை. நானும் மைக்கும்தான். ரூம்மேட் பக்கத்து அறையில் தூங்குகிறான், அதனால் கொஞ்சம் அடக்கித்தான் பேசுகிறேன்.

இன்றைக்கு பக் ரிப்போர்ட் எழுதுவதைப் பற்றிப் பேசப்போகிறேன். இருங்க, ஸ்கிப் பண்ணாதீங்க. ஆபீஸில் டிக்கெட் போடுவது எப்படி என்ற பாடம் இல்லை இது. முன்பின் தெரியாத ஒரு மனுஷரிடம் நான் மட்டமாக நடந்துகொண்டு, ஏழு மாதம் கழித்துப் போய் மன்னிப்புக் கேட்ட கதை. நடுவில் ‘அம்மா’ என்ற வார்த்தையில் எத்தனை எழுத்து என்று ஒரு பஞ்சாயத்தும் வரும்.

நான் கோட் எழுதுவது நியோவிமில். தெரியாதவர்களுக்கு: டெர்மினலுக்குள்ளேயே ஓடும் ஒரு எடிட்டர். வெறுமனே இன்ஸ்டால் செய்தால் புதிதாகக் கட்டிய வீடு மாதிரி மொட்டையாக இருக்கும். ஃபேன், லைட், அலமாரி எல்லாம் நாமதான் மாட்டிக்கணும். அதுதான் பிளக்இன். என் கான்ஃபிகில் 42 பிளக்இன் இருந்தன. வேலை நேரத்தில் பாதியை நான் கான்ஃபிக் திருத்துவதில்தான் கழிக்கிறேன் என்று என் டீம் லீட் நம்புகிறார். அவர் இந்த பாட்காஸ்டைக் கேட்கமாட்டார் என்று நான் நம்புகிறேன்.

அந்த 42-ல் ஒன்று, கமென்டுக்குள் வரும் டிக்கெட் எண்களுக்கு நிறம் கொடுக்கும் பிளக்இன். #14 என்று எழுதினால் அந்த மூன்றும் ஆரஞ்சு நிறத்தில் தெரியும். பிளக்இன் பெயர் வேண்டாம். எழுதியவர் தனியாள், யாரும் அவருக்கு இதற்காகச் சம்பளம் கொடுப்பதில்லை. ஒருநாள் ராத்திரி பதினொன்றரை மணிக்குப் பார்க்கிறேன், நிறம் எண்ணின் மேல் விழவில்லை. இடப்பக்கம் எங்கேயோ தள்ளி, சம்பந்தமே இல்லாத வார்த்தையின் மேல் விழுகிறது.

உடனே போய் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொல்றேன்: “உங்கள் பிளக்இன் வேலை செய்யவில்லை. நிறம் தப்பான இடத்தில் விழுகிறது. உங்கள் ரெஜெக்ஸ் தப்பு. இவ்வளவு அடிப்படையான விஷயத்தைக்கூட டெஸ்ட் பண்ணாமல் ரிலீஸ் பண்ணுவீர்களா? சீக்கிரம் சரிசெய்யவும்.” கூடவே ஒரு ஸ்க்ரீன்ஷாட். அதையும் ஆரஞ்சு நிறப் பகுதி மட்டும் தெரியும்படி குறுக்கி வெட்டி வைத்திருந்தேன்.

மறுநாள் பதில் வந்தது. “தகவலுக்கு நன்றி. என் மெஷினில் இது வரவில்லை. பிரச்சினை வருகிற ஒரு மினிமல் கான்ஃபிகும் ஒரு சின்ன ஃபைலும் கொடுக்க முடியுமா?” இவ்வளவுதான். என் கேள்விக்குறிக்கு அவர் கோபப்படக்கூட இல்லை.

எனக்குத்தான் கோபம் வந்தது. என் மெஷினில் வருதே, அப்போ நான் பொய் சொல்றேனா? பிளக்இன் எழுதினது நீ, உடைஞ்சதும் உன் பிளக்இன், வேலை மட்டும் எனக்கா? பதில் போடாமல் விட்டுவிட்டேன். பிளக்இனையும் எடுக்கவில்லை. தள்ளி விழும் ஆரஞ்சு நிறத்தோடு ஏழு மாதம் வாழ்ந்தேன். மனுஷன் எதற்கும் பழகிக்கொள்வான்.

இடையில் நானே ஒரு குட்டி பிளக்இன் எழுதி வெளியிட்டேன். அறுபது வரிதான் இருக்கும். சேவ் பண்ணாத ஃபைல்களை ஒரு ஓரத்தில் வரிசையாகக் காட்டும், வேறொன்றும் செய்யாது. ஒரு மாதம் கழித்து முதல் பக் ரிப்போர்ட் வந்தது. யாரோ என் பிளக்இனைப் பயன்படுத்துகிறார் என்று சந்தோஷமாகத் திறந்தேன். “வேலை செய்யல ப்ரோ” என்று ஒரே வரி. கீழே, மானிட்டரை ஃபோனில் எடுத்த ஒரு படம். கோடு கோடாக அலையடிக்கிறது, மூலையில் அவருடைய டீ டம்ளர் தெரிகிறது. எந்த வெர்ஷன்? விண்டோஸா, லினக்ஸா? எதைச் செய்தபோது, என்ன வந்திருக்க வேண்டும், என்ன வந்தது? ஒன்றுமே இல்லை.

ரெண்டு சாயங்காலம் உட்கார்ந்தேன். என் லேப்டாப்பில் எல்லாமே நன்றாக ஓடியது. கடைசியில் நான் அவருக்கு எழுதிய பதில் என்ன தெரியுமா? “என் மெஷினில் இது வரவில்லை.” டைப் பண்ணி முடித்துவிட்டு அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவரிடமிருந்து பதில் வரவே இல்லை. இப்போதுவரை எனக்கு அது என்ன பக் என்று தெரியாது.

அடுத்த சனிக்கிழமை காலையில் காபியோடு உட்கார்ந்தேன். ஏழு மாதத்துக்கு முன்னால் அவர் கேட்டதைச் செய்து கொடுத்துவிடுவது என்று முடிவு.

நியோவிமில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. என்விம், ஒரு ஸ்பேஸ், ரெண்டு ஹைஃபன், க்ளீன் என்று அடித்தால் உங்கள் கான்ஃபிக், உங்கள் பிளக்இன் எதையும் தொடாமல், இன்றைக்குத்தான் இன்ஸ்டால் செய்த மாதிரி திறக்கும். அதோடு ஹைஃபன் யு போட்டு ஒரு சின்ன லூவா ஃபைலைக் கொடுக்கலாம். அந்த ஃபைலில் நாலைந்து வரிதான்: அந்த ஒரு பிளக்இன் இருக்கும் ஃபோல்டரைச் சேர், அதை ஆரம்பி. இங்கே ஒரு குழி இருக்கிறது, நான் விழுந்திருக்கிறேன். க்ளீன் இல்லாமல் ஹைஃபன் யு மட்டும் போட்டால் முக்கிய கான்ஃபிக் ஃபைல்தான் மாறும். கான்ஃபிக் ஃபோல்டருக்குள் ‘பிளக்இன்’ என்ற சப்-ஃபோல்டரில் நீங்கள் என்றைக்கோ போட்டு மறந்த ஸ்கிரிப்டுகள் அப்படியே ஓடும். மினிமல் என்று நினைத்துக்கொண்டிருப்போம், பழைய சாமான் எல்லாம் பரண்மேல் இருக்கும்.

சரி. க்ளீனாகத் திறந்தேன். அந்த ஒரு பிளக்இன் மட்டும். புது ஃபைல் ஒன்றில் “ஹலோ, #14” என்று ஆங்கிலத்தில் அடித்தேன். நிறம் சரியாக எண்ணின் மேல் விழுந்தது.

ஆஹா, அப்படியென்றால் இந்த பிளக்இன் மேல் தப்பில்லை, மற்ற 41-ல் ஏதோ ஒன்றுதான் இதோடு மோதுகிறது என்று முடிவுகட்டினேன். பாதிப் பாதியாகப் பிரித்துத் தேடினேன். 21-ஐ நிறுத்திவிட்டு டெஸ்ட் பண்ணினேன்: நிறம் சரி. அந்த 21-ஐ ஆன் பண்ணி மீதியை நிறுத்தினேன்: அப்போதும் சரி. அது எப்படி? ரெண்டு பாதியிலும் குற்றவாளி இல்லையென்றால், இந்தப் பாதியில் ஒன்றும் அந்தப் பாதியில் ஒன்றும் சேர்ந்துதான் சதி செய்கின்றன என்று நினைத்தேன். ஜோடி ஜோடியாகப் போட ஆரம்பித்தேன். 41 பிளக்இனில் எத்தனை ஜோடி வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்க, 820. நோட்டில் கட்டம் போட்டு டிக் அடிக்கத் தொடங்கிவிட்டேன். ஒன்றரை மணி நேரம் போனது.

ரூம்மேட் எழுந்து வந்து நோட்டைப் பார்த்தான்.

“என்ன மச்சி, கல்யாணப் பொருத்தம் பாக்குறியா?”

விஷயத்தைச் சொன்னேன். அவன் மெக்கானிக்கல் படித்தவன், கோடுக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை. பல் தேய்த்துக்கொண்டே கேட்டான்: “நாப்பத்திரெண்டையும் ஆன்ல வெச்சா இப்ப பக் வருதா?”

போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றையும் ஆன் பண்ணி, அதே டெஸ்ட் ஃபைலில். வரவில்லை.

“அப்ப எதடா தேடிட்டு இருக்க?”

காலையிலிருந்து நான் ஒருமுறைகூட அந்த பக்கைக் கண்ணால் பார்க்கவில்லை, மக்களே. இல்லாத பக்கை 42 பிளக்இனுக்குள் தேடிக்கொண்டிருந்தேன்.

மதுரையில் எங்கள் வீட்டில் ஒரு மழைக்காலத்தில் அடிக்கடி கரண்ட் ட்ரிப் ஆனது. எலெக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். அம்மா வாசலிலேயே, “மோட்டார் போட்டாத்தாம்ப்பா ட்ரிப் ஆகுது, மோட்டாரைக் கழட்டிப் பாரு” என்றார். அவர் மோட்டார் பக்கமே போகவில்லை. “அக்கா, மொதல்ல ட்ரிப் ஆகட்டும், நான் பாக்கணும்” என்று ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். ட்ரிப் ஆனதைப் பார்த்த பிறகுதான் எழுந்தார். எல்லா எம்சிபியையும் இறக்கினார். மெயினை மட்டும் போட்டார், நின்றது. ஒவ்வொன்றாக ஏற்றினார். பாத்ரூம் லைனை ஏற்றியதும் டப்பென்று விழுந்தது. அந்த லைனை இறக்கிவிட்டு மோட்டாரைப் போட்டார், ஓடியது. கீசர் ஒயரில் தண்ணீர் இறங்கியிருந்தது. காலையில் கீசர் போடுகிற நேரமும் மோட்டார் போடுகிற நேரமும் ஒன்று, அம்மாவுக்கு மோட்டார்தான் கண்ணில் பட்டிருக்கிறது.

அவர் முதலில் சொன்னதை நான் செய்யவில்லை. பிரச்சினை கண்முன்னால் வரட்டும், அதற்குப் பிறகு ஒன்றொன்றாக எடு. ஒவ்வொன்றை எடுத்ததும் பிரச்சினை இன்னும் இருக்கிறதா என்று பார். போய்விட்டதென்றால் கடைசியாக எடுத்ததைத் திருப்பி வை. நானோ ஒரே நேரத்தில் ரெண்டை மாற்றியிருந்தேன். கான்ஃபிகையும் மாற்றினேன், ஃபைலையும் மாற்றினேன். கான்ஃபிக் மாற்றினது ஞாபகம் இருந்தது. ஃபைல் மாற்றினது மனசிலேயே பதியவில்லை. அவர் ஏழு மாதத்துக்கு முன்னாலேயே “மினிமல் கான்ஃபிகும் ஒரு சின்ன ஃபைலும்” என்று கேட்டிருந்தார், பாருங்க. பின்பாதியை நான் படிக்கவே இல்லை.

நீங்க நியோவிம் ஆள் இல்லையென்றாலும் இந்த எம்சிபி இறக்குகிற வசதி உங்கள் கருவியிலும் இருக்கும். விஎஸ் கோடில் ‘ஸ்டார்ட் எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்’ என்று ஒரு கமாண்ட் உண்டு. அதுவே பாதி எக்ஸ்டென்ஷன்களை நிறுத்தி, “இப்போ வருதா?” என்று கேட்கும். நீங்கள் பதில் சொல்லச் சொல்லப் பாதியாக்கிக்கொண்டே போகும். நாற்பது இருந்தாலும் சில கேள்விகளுக்குள் ஆளைப் பிடித்துவிடும். ஈமாக்ஸ்காரர்களுக்கு ஹைஃபன் கேப்பிட்டல் க்யூ. ஃபயர்ஃபாக்ஸில் ட்ரபிள்ஷூட் மோட். வேர்ட்பிரஸ்ஸில் ‘ஹெல்த் செக் அண்ட் ட்ரபிள்ஷூட்டிங்’ என்றே ஒரு பிளக்இன் இருக்கிறது. அது மற்ற பிளக்இன்களை உங்கள் லாகினுக்கு மட்டும் நிறுத்திக் காட்டும், தளத்துக்கு வருகிறவர்களுக்கு எதுவும் மாறாது. கடை நடத்துகிற சைட்டில் பகல் நேரத்தில் எல்லா பிளக்இனையும் ஆஃப் பண்ணி விளையாடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

என் கதைக்கு வரேன். அதே க்ளீன் நியோவிம், அந்த ஒரே பிளக்இன். இந்த முறை பழைய ஃபைலையே திறந்தேன். நாங்கள் நாலு பேர் வாடகை, கரண்ட் பில், தண்ணி கேன், வேலைக்கார அக்கா சம்பளம் எல்லாவற்றையும் பிரித்துக்கொள்ள நான் எழுதிய பைத்தான் ஸ்கிரிப்ட் அது. 340 வரி. திறந்ததும் நிறம் தள்ளி விழுந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த பக்கையும் பார்த்ததில்லை.

இப்போது ஃபைலை வெட்ட ஆரம்பித்தேன். பாதியை அழி. இன்னும் வருதா? வருது. மறுபடி பாதி. 170, 85, 43. ஒரு இடத்தில் பக் காணாமல் போனது, அன்டூ பண்ணி மறுபாதியை அழித்தேன். பத்து நிமிஷத்தில் ஒரே ஒரு வரி மிச்சம். ‘வாடகைக் கணக்கு’ என்று தமிழில் ஒரு கமென்ட், அப்புறம் #14. இந்த ஸ்கிரிப்டில் மட்டும் கமென்ட் எல்லாம் தமிழில்தான் எழுதுவேன், அது ஒரு பிடிவாதம்.

முதல் சந்தேகம் டெர்மினல் மேல். டெர்மினலில் தமிழ் எப்படித் தெரியும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும், காலும் கொம்பும் ஆளுக்கொரு பக்கம் நிற்கும். அதனால் தமிழுக்கும் எண்ணுக்கும் நடுவில் இருபது சின்னக் கோடுகளைப் போட்டேன். தமிழ் எழுத்து எவ்வளவு அகலமாகத் தெரிந்தாலும் கோடுகளை எண்ணிவிடலாம் இல்லையா? இனி வெட்ட வேண்டியது வரிகளை இல்லை, எழுத்துகளை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு ‘அ’ மட்டும் வைத்தேன். அ, இருபது கோடு, #14. நிறம் ரெண்டு இடம் இடப்பக்கம் தள்ளி விழுந்தது. ‘அஆ’ என்று வைத்தேன், நாலு இடம். சரி, எழுத்துக்கு ரெண்டு என்று நினைத்தேன். ‘கு’ வைத்தேன். ஒரே எழுத்துதானே? நாலு இடம் தள்ளியது. ‘அம்மா’ வைத்தேன். பத்து.

நம் கண்ணுக்கு அம்மா என்பது மூன்று எழுத்து: அ, ம், மா. யூனிகோடுக்கு அது ஐந்து: அ, ம, மேலே ஒரு புள்ளி, இன்னொரு ம, பக்கத்தில் ஒரு கால். ‘கு’ என்றால் க ஒன்று, உகரக் குறி ஒன்று. யுடிஎஃப்-8-ல் சேமிக்கும்போது அந்த ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுத்துக்கொள்ளும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். ஆகவே அம்மா ஃபைலுக்குள் 15 பைட். ஐந்தாக எண்ணவேண்டிய ஒருவரும் பதினைந்தாக எண்ணவேண்டிய ஒருவரும் பேசிக்கொண்டால் நடுவில் பத்து விடுபடும். என் பத்து இடம் அதுதான்.

நியோவிமின் உள் ஃபங்ஷன்களில் நிறம் பூசும் இடத்தை பைட் கணக்கில் கொடுக்க வேண்டும். இந்த பிளக்இன் யூனிகோட் குறிகளை எண்ணி அந்த எண்ணைக் கொடுத்திருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் கமென்ட் எழுதுகிறவர்களுக்கு ரெண்டு எண்ணிக்கையும் ஒன்றேதான், ஆயுளுக்கும் இந்த பக் தெரியாது. இவர் ஒருவர் செய்த தப்பு என்றும் சொல்லமுடியாது. எடிட்டரும் லாங்குவேஜ் சர்வரும் பேசிக்கொள்ளும் எல்எஸ்பி என்ற நெறிமுறையே வெகுகாலம் இடத்தை யுடிஎஃப்-16 அலகில்தான் எண்ணியது. எந்தக் கணக்கில் பேசலாம் என்று ரெண்டு பேரும் முன்கூட்டியே ஒத்துக்கொள்ளும் வசதி 2022-ல் வந்த 3.17 பதிப்பில்தான் சேர்ந்தது.

எனவே “என் மெஷினில் வரவில்லை” என்று அவர் சொன்னது முழு உண்மை. அவர் எத்தனை ராத்திரி முயன்றாலும் அவர் மெஷினில் அது வந்திருக்காது. அவர் விரல் அந்த விசைகளைத் தொட்டதே இல்லை. அதை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க என்னை மாதிரி ஒரு ஆளால்தான் முடியும். நான் ஏழு மாதம் முறைத்துக்கொண்டிருந்தேன்.

பழைய ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. இடைப்பட்ட காலத்தில் கீழே மூன்று பேர் “எனக்கும் இதேதான்” என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் பெயர் ஜப்பானிய எழுத்தில் இருந்தது, இன்னொருவர் பெயர் ரஷ்ய எழுத்தில். ஜப்பானிய எழுத்துக்கும் மூன்று பைட், ரஷ்ய எழுத்துக்கு ரெண்டு. நாலு பேரும் ஒரே சுவரில் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறோம், ஒருவர்கூட முட்டிய வரியை ஒட்டவில்லை. எல்லோரும் ஸ்க்ரீன்ஷாட்தான் போட்டிருந்தோம். அதற்கும் மேல், எல்லோரும் ஆங்கிலத்தில் எழுதினோம்.

இந்த வெட்டுகிற வேலைக்கு ஒரு வரலாறு உண்டு, அதையும் சொல்லிடறேன், எனக்கு ரொம்பப் பிடித்த கதை. 1999-ல் மொஸில்லாவில் பக் ரிப்போர்ட்டுகள் வந்து குவிந்துகிடந்தன. எஞ்சினியர்களால் சமாளிக்க முடியவில்லை. அவர்கள் தன்னார்வலர்களைக் கூப்பிட்டார்கள். கோட் எழுத வேண்டாம், பக்கைச் சரிசெய்ய வேண்டாம். பிரச்சினை தருகிற வலைப்பக்கத்தை எடுத்து, பிரச்சினை போகாமல் எவ்வளவு சின்னதாக்க முடியுமோ அவ்வளவு சின்னதாக்கிக் கொடுத்தால் போதும். இருபது ரிப்போர்ட்டைச் சுருக்கித் தருகிறவர்களுக்கு எஞ்சினியர்கள் கையெழுத்துப் போட்ட டி-ஷர்ட்.

இதைப் பார்த்த ஜெர்மன் ஆய்வாளர் ஆண்ட்ரியாஸ் ஸெல்லர், மனுஷன் ஏன் இதைக் கையால் செய்ய வேண்டும், ஒரு புரோகிராமே வெட்டிப் பார்க்கட்டுமே என்று யோசித்தார். டெல்டா டீபக்கிங் என்று பெயர். அவரும் ரால்ஃப் ஹில்டபிராண்டும் 2002-ல் வெளியிட்ட கட்டுரையில், பிரவுசரைக் கவிழ்த்த ஒரு 896 வரி எச்டிஎம்எல் பக்கத்தை அந்தக் கருவி ஒரே வரியாகச் சுருக்கிக் காட்டியது. பிரவுசர் கவிழ்வதற்குமுன் பயனர் செய்த 95 செயல்களில் மூன்றுதான் தேவை என்றும் கண்டுபிடித்தது. எல்லாம் 500 மெகாஹெர்ட்ஸ் கம்ப்யூட்டரில், 35 நிமிஷத்தில். நான் காபி குடித்துக்கொண்டு 340-ஐ ஒன்றாக்கியதும் அதே வேலைதான். என்ன, என் கருவிக்கு ஒன்றரை மணி நேர ஜோடிப் பொருத்தமும் தேவைப்பட்டது.

அப்புறம் ரிப்போர்ட் எழுதினேன். முதல் வரியில் மன்னிப்பு. அதை நீளமாக எழுதவில்லை, அவர் அதைப் படிக்க நேரம் செலவழிக்க வேண்டாம் என்று. பிறகு அந்த ஐந்து வரி லூவா ஃபைல். பிறகு அந்த ஒரு வரி டெக்ஸ்ட், படமாக இல்லை, காப்பி பண்ணக்கூடிய எழுத்தாக. என்ன கமாண்ட் அடித்துத் திறந்தேன், எந்த இடத்தில் நிறம் விழும் என்று எதிர்பார்த்தேன், எங்கே விழுந்தது. நியோவிமின் வெர்ஷன் எண், பிளக்இனின் கமிட் எண். ‘லேட்டஸ்ட்’ என்று எழுதவில்லை. நான் எழுதும் நாளின் லேட்டஸ்டும் அவர் படிக்கும் நாளின் லேட்டஸ்டும் வேறாக இருக்கலாம். அனுப்புவதற்கு முன் பிளக்இனை அப்டேட் பண்ணி இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தேன், அதற்குள் யாராவது சரிசெய்திருந்தால் அசிங்கமாகிவிடும் பாருங்க.

பைட் கணக்கு பற்றிய என் ஊகத்தைக் கடைசியில்தான் எழுதினேன், ஊகம் என்றே சொல்லி. முதல் தடவை “உங்கள் ரெஜெக்ஸ் தப்பு” என்று டாக்டர் மாதிரி தீர்ப்புச் சொல்லியிருந்தேன் இல்லையா? ரெஜெக்ஸில் ஒரு தப்பும் இல்லை. அவர் அதை நம்பியிருந்தால் அங்கேயே ஒரு ராத்திரி போயிருக்கும். புட்டி எழுதிய சைமன் டாதம் 1999-லேயே பக் ரிப்போர்ட் எழுதுவது பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். பார்த்ததைச் சொல், நினைத்ததை வேண்டுமானால் தனியாகச் சொல் என்பது அதில் ஒரு முக்கியமான விஷயம். எங்கள் அம்மாவும் “மோட்டார்” என்று சொல்லாமல், “காலையில ஆறு மணிக்கு ட்ரிப் ஆகுது” என்று சொல்லியிருந்தால் அந்த அண்ணனுக்கு இன்னும் சீக்கிரம் வேலை முடிந்திருக்கும்.

ஆபீஸ் கோடில் பக் பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்லணும். அவசரத்தில் ப்ராஜெக்ட் ஃபைலையே தூக்கி ஒட்டிவிடாதீங்க. லாகுக்குள் டோக்கன் இருக்கும், க்ளையன்ட் பெயர் இருக்கும். பாஸ்வேர்டை கறுப்பு மையால் மறைத்து அனுப்புவதைவிட, அது இல்லாத பத்து வரியில் பக்கை வரவழைப்பது நல்லது. நாளைக்கு யாரும் உங்களை மீட்டிங் அறைக்குக் கூப்பிடமாட்டார்கள்.

சில சமயம் எவ்வளவு வெட்டியும் சின்னதாகாது. பத்து முறை ஓட்டினால் மூன்று முறைதான் வரும். அப்போது அதையே எழுதலாம்: பத்தில் மூன்று, இன்னின்னதை எடுத்துப் பார்த்தேன், இதை எடுத்தால் மட்டும் வரவில்லை. என் அறுபது வரி பிளக்இனுக்கு அந்த டீ டம்ளர் நண்பர் அதில் பாதி எழுதியிருந்தால்கூட நான் அவரைக் கோவில் கட்டிக் கும்பிட்டிருப்பேன்.

நான் சனிக்கிழமை மதியம் அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஃபோனைப் பார்த்தால் பதில் வந்திருந்தது. “இப்போது என் மெஷினிலும் வருகிறது” என்பதுதான் முதல் வரி. ஏழு மாதம் கழித்து அந்த வரியைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. சிரிக்காதீங்க. பிரச்சினை நான் ஊகித்த இடத்தில்தான் இருந்தது, ஆனால் ஒரு இடத்தில் இல்லை, மூன்று இடத்தில். பதினோரு வரி மாற்றியிருந்தார். மன்னிப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மேலே இருந்த அந்த மூன்று பேரையும் டேக் பண்ணி, அப்டேட் பண்ணிப் பாருங்கள் என்று எழுதியிருந்தார். ஜப்பானியப் பெயர்க்காரர் ஒரு மணி நேரத்தில் கட்டைவிரல் காட்டியிருந்தார்.

கமிட்டைத் திறந்து பார்த்தேன். டெஸ்ட் ஃபோல்டரில் ஒரு புது ஃபைல். அதில் நான் அனுப்பிய வரி அப்படியே இருந்தது: அம்மா, இருபது கோடு, #14. அதற்கு மேல் அவர் ஒரு கமென்ட் போட்டிருந்தார், “இந்த வார்த்தையின் அர்த்தம் எனக்குத் தெரியாது, ஆனால் இதை நீக்காதீர்கள்” என்று.

அர்த்தத்தைக் கீழே பதிலாக எழுதினேன். ஒரு ஹார்ட் மட்டும் வந்தது.

ரூம்மேட் எழுந்துவிட்டான், தோசைக்கல் சத்தம் கேட்குது. இந்த எபிசோடில் ஆடியோ எங்கேயாவது தடுமாறினால் எனக்கு எழுதுங்க. எந்த ஆப்பில், எத்தனையாவது நிமிஷத்தில், ஹெட்ஃபோன் இல்லாமல் கேட்டாலும் வருதா என்று சேர்த்து. அடுத்த வாரம் கெஸ்ட் இருக்கிறார். பார்ப்போம்.